அம்பயரின் வலது கை

சைதாப்பேட்டை கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த ஃபிரெட்ரிக்கின் வேலை, கூண்டில் ஏறுகிறவர்களைச் சத்தியம் செய்ய வைப்பது. சனி, ஞாயிறுகளில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைக் கோட்டும் மாட்டிக்கொண்டு லீக் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பார். ஆக, வாரம் முழுக்க உண்மையோடு குடும்பம் நடத்துகிற மனிதர் என்று சாந்தோம் வட்டாரத்தில் அவருக்குப் பெயர். பெயருக்கு ஏற்றபடி, சொந்த மச்சானையே முதல் பந்தில் எல்பிடபிள்யூ கொடுத்து வெளியே அனுப்பியவர்.

"பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போய்ட்டிருந்துச்சுன்னு என் தம்பி இன்னும் சொல்றான்," என்று மனைவி லூயிசா வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போது ஞாபகப்படுத்துவாள்.

"நடு ஸ்டம்பு," என்பார் ஃபிரெட்ரிக். கேக்கை வாயில் போட்டுக்கொள்வார். தம்பி பல கிறிஸ்துமஸ்களாக அந்த வீட்டுக் கேக்கைத் தொடவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் செப்டம்பரில், அடையாறுப் பக்கம் ஒரு மைதானத்தில், ஒரு வாலிபன் நேராக ஓங்கி அடித்த பந்து ஃபிரெட்ரிக்கின் முகத்தைக் குறிவைத்து வந்தது. அவர் ஒதுங்கினார். ஒதுங்கியவர் ஸ்டம்புகளின் மேலேயே விழுந்தார். குச்சிகள் ஒரு பக்கம் பறக்க, வலது தோள் தரையில் மோதியது. ரன் எடுக்கக் கோட்டை விட்டு வெளியே வந்திருந்த எதிர்முனை ஆட்டக்காரன் திருதிருவென்று விழித்தான். பந்து வீசியவனோ கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் அவுட் கேட்டான். மண்ணில் கிடந்தபடியே ஃபிரெட்ரிக் தலையை ஆட்டினார்.

"விக்கெட்டைத் தள்ளினது நான். பந்து இல்ல. நாட் அவுட்." அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மயக்கமானார்.

தோளுக்குள் கிழிந்துபோன தசைநாரை ஆஸ்பத்திரியில் இழுத்துத் தைத்தார்கள். கையைத் தூளியில் போட்டுக் கழுத்தில் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபிரெட்ரிக்குக்கு வலியைவிடப் பெரிய கவலை சிக்ஸர்தான். அவுட் கொடுக்க ஒரு விரல் போதும். வைடு பந்துக்குக் கைகள் தோள் மட்டம் வந்தால் போதும். சிக்ஸருக்கு மட்டும் இரண்டு கையும் தலைக்கு மேல் நேராகப் போக வேண்டும். ஒரு கையை மட்டும் தூக்கினால் அதற்கு வேறு அர்த்தம். அது மட்டையில் படாமல் கிடைத்த ரன். சுவருக்கு அப்பால் பந்தை அனுப்பிவிட்டு நிற்கிறவனுக்கு அதைக் காட்டினால் அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவான்.

அம்பயர் சங்கத்தின் செயலாளர் ராஜரத்தினம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தபோது மறைக்காமல் சொல்லிவிட்டார். "பொங்கலுக்கு அப்புறம் லீக் மறுபடி ஆரம்பிக்குது. கை மேல போச்சுன்னா கோட்டை மாட்டிக்கிட்டு வா. போகலைன்னா கூடாரத்துல உக்காந்து ஸ்கோர் எழுது."

ஃபிரெட்ரிக்குக்கு இது மாப்பிள்ளையைக் கூப்பிட்டு மொய் எழுத உட்காரச் சொன்னது மாதிரி இருந்தது. ராஜரத்தினம் போன பிறகு அந்த ஆரஞ்சுப் பழத்தை அவர் தொடவே இல்லை.

கையைத் தூக்க வைக்கும் பொறுப்பு மாளவிகாவிடம் வந்தது. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்த பெண். ஓரிரு தடவை நேரில் பார்த்தாள். அதற்குள் அவளுடைய டாக்டர் அவளையே படுக்கையில் போட்டுவிட்டார். வயிற்றில் குழந்தைக்கு ஆறாவது மாசம், அசையக் கூடாது என்று உத்தரவு. கொட்டிவாக்கத்தில் அம்மா வீட்டில், காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்துக் கிடந்தாள். ஆனால் அவள் வாய்க்கு யாரும் ஓய்வு கொடுக்கச் சொல்லவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் டெலிபோனும் இருந்தது. "உங்க கையை நான் போன்லயே பாத்துக்கறேன் சார்," என்று சொல்லி அனுப்பினாள்.

ஃபிரெட்ரிக் வீட்டில் போன் கிடையாது. மகள் லிண்டாவுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்தபோது இணைப்புக்குப் பதிந்து வைத்தது. லிண்டா படித்து முடித்து பெங்களூரில் வேலைக்கே போயாயிற்று, போன் வந்தபாடில்லை. கீழ் வீட்டுக் கல்யாணராமனின் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று உலகத்துக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆகவே தினமும் சாயங்காலம், கல்யாணராமன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் டெலிபோனுக்கும் நடுவில், ஃபிரெட்ரிக்கின் தோள் வைத்தியம் நடந்தது.

பயிற்சிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். குனிந்து கையைத் தும்பிக்கை போலத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களைப் பல்லி போல ஏறவிட வேண்டும். ஒட்டடைக் கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கை தூக்க, கெட்ட கை கூடவே போக வேண்டும். கம்பைப் பிடித்தால் ரிசீவரை யார் பிடிப்பது? கல்யாணராமன் பிடித்தார்.

கல்யாணராமன் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், கிரிக்கெட் என்றால் சாப்பாடு வேண்டாம் என்கிறவர். அவரிடம் ஒரே ஒரு குறை உண்டு. அடுத்தவர் வலியை அவரால் பார்க்க முடியாது. தெருவில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டால் இவர் கொல்லைப்புறம் போய் நிற்பார். அப்படிப்பட்டவர் ஒரு கையில் ரிசீவரோடு நேர்முக வர்ணனைக்கு உட்கார்ந்தார்.

"டாக்டர் சொல்றா, கம்பை மேல கொண்டு போங்கோ. இன்னும் மேல."

"நான் டாக்டர் இல்ல மாமா, பிசியோ," என்று ரிசீவருக்குள் மாளவிகா சொல்வது கூடம் வரை கேட்கும். "கை எது வரைக்கும் வந்துச்சு?"

கை மார்பு மட்டத்தில் நின்றிருக்கும். ஃபிரெட்ரிக்கின் நெற்றியில் வியர்வை, கண்ணோரத்தில் ஈரம். கல்யாணராமனால் தாங்க முடியவில்லை. "போயிடுத்து டாக்டர். காதுக்கு மேலயே போயிடுத்து. இன்னிக்கு இது போறுமே." உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, "ஜானு, ஃபிரெட்ரிக்குக்கு ஒரு காபி," என்பார்.

ஃபிரெட்ரிக் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் காபியை வாங்கிக்கொள்வார். அவர் பொய் சொன்னாரா? இல்லை. கிரிக்கெட்டில் ஒரு சட்டம் உண்டு: எதிரணி ஹவ்ஸ் தட் என்று அப்பீல் கேட்டாலொழிய அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. எவ்வளவு பட்டவர்த்தனமான அவுட்டாக இருந்தாலும் யாரும் கேட்கவில்லை என்றால் அம்பயர் மரம் மாதிரி நிற்க வேண்டியதுதான். இந்தச் சட்டத்தை ஃபிரெட்ரிக் தன் தோளுக்குக் கொண்டுவந்துவிட்டார். மாளவிகா கேட்டது கல்யாணராமனை. பதில் சொன்னதும் அவர். தன்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அம்பயர் தானாக முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லலாமா? இத்தனை வருஷம் சாட்சிகள் நழுவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர், கொஞ்சமாவது கற்றுக்கொள்ளாமல் இருப்பாரா?

உள்ளே இருந்தது வெறும் பயம். கை மார்பைத் தாண்டும்போதெல்லாம், தைத்த இடம் பழைய துணி மாதிரி மறுபடி கிழிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. கிழிந்தால் கோட்டும் தொப்பியும் பீரோவோடு சரி. இதை அவர் லூயிசாவிடம்கூடச் சொல்லவில்லை.

டிசம்பர் வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த வீட்டுப் பால்கனியில் காகித நட்சத்திரம் உச்சியில், சன்ஷேடுக்குக் கீழே தொங்கும். சந்துமுனை வரை தெரியும். நட்சத்திரம் கட்டுவது ஃபிரெட்ரிக்கின் வேலை, அதில் வேறு யாரையும் கைவைக்க விட மாட்டார். இந்த வருஷம் அதைப் பால்கனிக் கம்பியில், இடுப்பு உயரத்தில் கட்டினார்.

கீழே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மெஹபூப் பாஷா அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார், இந்த வருசம் ஸ்டாரு உக்காந்துக்கினு கீது? ஏசுவைப் பாக்க ராஜாங்க மூணு பேரும் குனிஞ்சிக்கினே வரணுமா?"

"மேல காத்து அடிக்கும். கிழிஞ்சிடும்," என்றார் ஃபிரெட்ரிக்.

லூயிசா உள்ளிருந்து சொன்னாள். "கீழ் வீட்டு மாமா உங்க கை காதுக்கு மேல போகுதுன்றாரு. ஸ்டாருக்கு மட்டும் ஏன் இடுப்பைத் தாண்ட மனசு வரல?"

ஃபிரெட்ரிக் நட்சத்திரத்தின் முடிச்சை இறுக்கினார். இதுவும் அப்பீல் ஆகாது, ஏனென்றால் கேள்வி நட்சத்திரத்தைப் பற்றியது.

படுத்துக் கிடந்த மாளவிகாவுக்கு வேறு சந்தேகம். இத்தனை வேகமாக யாருக்கும் கை தேறி அவள் பார்த்ததில்லை. தேறுகிறவர்கள் வலிக்கிறது என்று புலம்புவார்கள், தன்னைத் திட்டவும் திட்டுவார்கள். இவரோ காபியை உறிஞ்சும் சத்தம்தான் போனில் கேட்கிறது. ஒருநாள் சொன்னாள்: "மாமா, கூடத்து நிலைப்படி மேல ஒரு மணி கட்டுங்க. சார் வலது கையால அதை அடிக்கட்டும். எனக்கு இங்க கேக்கணும்."

பூஜை மணியைத் தர ஜானு மறுத்துவிட்டாள். "காலம்பற நான் எதை ஆட்டறது?" லூயிசா கிறிஸ்துமஸ் குடில் பெட்டியிலிருந்து ஒரு சின்ன வெண்கல மணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணராமன் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினார்.

மறுநாள் ஃபிரெட்ரிக் நிலைப்படிக்குக் கீழே நின்றார். கை எழுந்தது, மோவாய் வரை வந்தது, நின்றது. மணி மேலே நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிரெட்ரிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த கல்யாணராமன், ரிசீவரின் சுருள் வயர் விறைக்கும் வரை எட்டி, தன் கையாலேயே மணியை அடித்தார். சந்தோஷத்தில் இன்னொரு தடவையும் அடித்தார்.

"கேட்டேளா டாக்டர்?"

மாளவிகா சொன்னாள்: "மாமா, போனை சார்கிட்ட குடுங்க."

ஃபிரெட்ரிக் இடது கையால் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். பந்து பேட்ல உரசிக்கிட்டுப் போச்சா, இல்ல பேட் தரையில தட்டிச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃபிரெட்ரிக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சத்தத்துலதாம்மா. பந்து உரசினா சுருக்குனு ஒரு துளி கேக்கும். பேட் தரையில தட்டினா மொத்தையா இருக்கும். கண்ணு ஏமாத்தும், காது ஏமாத்தாது."

"நானும் இங்க படுத்துக்கிட்டு காதாலதான் சார் பாக்கறேன். தோள் ஆபரேஷன் ஆனவங்க கையைத் தூக்கினா முதல்ல மூச்சு நிக்கும். அப்புறம் ஒரு முனகல். அதுக்கு அப்புறம்தான் மணி. இப்ப மூச்சும் நிக்கல, முனகலும் வரல. மணி மட்டும் தீபாராதனை மாதிரி ஜோரா அடிச்சுது."

கல்யாணராமன், பால் பொங்குகிற வாசனை வருவதாகச் சொல்லிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அடுப்பில் பால் இல்லை.

"இத்தனை நாள் மாமாவைக் கேட்டது என் தப்பு," என்றாள் மாளவிகா. "இப்ப உங்களையே கேக்கறேன் சார். கை மேல போச்சா, இல்லையா? ஹவ்ஸ் தட்?"

அப்பீல் வந்துவிட்டது. நேராக, பெயர் சொல்லாத குறையாக, அவரிடமே வந்துவிட்டது. மச்சானுக்கு ஒரு நொடிகூட யோசிக்காத மனிதர் இப்போது ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அவுட்," என்றார். "மோவாய் வரைக்கும்தாம்மா போகுது. அதுவும் இன்னைக்குத்தான். மாமா சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா நின்னது நான்." பிறகு, கேட்காமலே ஒன்றைச் சொன்னார். "பயமா இருக்கும்மா. தைச்சது பிச்சுக்கிட்டு வந்துடும்னு."

மாளவிகா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் பயம்தான் சார். ஒவ்வொரு தடவை திரும்பிப் படுக்கும்போதும் பயம். நான் அசையாம இருந்தாதான் நல்லது. உங்களுக்கு அப்படி இல்ல. தையல் நல்லாப் பிடிச்சிருக்குன்னு டாக்டர் பாத்துச் சொல்லியாச்சு. இப்ப தூக்காம விட்டா மூட்டு இறுகிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வலிக்கும் சார். ஆனா பிச்சுக்காது. நீங்க வலிக்குதுன்னு சொன்னா நான் இங்க கேட்டுக்கிட்டிருப்பேன்."

மறுநாள் முதல் ஆட்சி மாறியது. கல்யாணராமன் தன் வீட்டு வாசலிலேயே வெளியே உட்காரவைக்கப்பட்டார். ரிசீவர் லூயிசாவின் கைக்குப் போனது. லூயிசா நல்லவள்தான். ஆனால் எல்பிடபிள்யூ ஆனவனின் அக்கா.

"இன்னும் கீழதாம்மா இருக்கு. தூக்கச் சொல்லு. நடு ஸ்டம்பு வரைக்கும்கூட வரல."

ஃபிரெட்ரிக் முனகினார். முனகல் கொட்டிவாக்கம் வரை நன்றாகவே கேட்டது. "அதான் சார், அதான் வேணும்," என்று அங்கிருந்து பதில் வந்தது. வாசலில் கல்யாணராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர் கையைத் தூக்கினா உங்களுக்கு ஏன் வேர்த்துக் கொட்டறது?" என்றாள் ஜானு. கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் துண்டு கூடுதலாகக் கிடைத்தது ஃபிரெட்ரிக்குக்கு. ஜனவரி ஆறாம் தேதி, ராஜாக்கள் திருநாளன்று நட்சத்திரம் ஜன்னலின் நடுவரை ஏறியிருந்தது. "ஸ்டாரு வளந்துக்கினே வருது சார்," என்றார் மெஹபூப் பாஷா.

ஆனால் அதற்கு மேல் நட்சத்திரமும் ஏறவில்லை, கையும் ஏறவில்லை. பொங்கல் முடிந்து ராஜரத்தினம் வந்தபோது, வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னார்: "தூக்கிக்கூடக் காட்ட வேணாம் ஃபிரெட்ரிக். உன் வாயால சொல்லு, போதும். உன் வார்த்தைக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

கூட வந்திருந்த கல்யாணராமன் வாயைத் திறந்தார். லூயிசா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொள்ளலாம். எல்லா ஆட்டத்திலும் சிக்ஸர் விழும் என்று சட்டமா? ஃபிரெட்ரிக் நாற்காலியிலிருந்து எழுந்தார். கேட்காமலே கையைத் தூக்கிக் காட்டினார். அது காது வரை போய் நின்றது. "இது வரைக்கும்தான். மேல போகல."

ராஜரத்தினம் தரையைப் பார்த்தபடி, "சரிப்பா. ஸ்கோர் எழுத வந்துடு," என்று சொல்லிவிட்டுப் போனார். லூயிசா அன்றைக்கு வஞ்சிரம் வறுத்திருந்தாள். ஃபிரெட்ரிக் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள்; அவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்கோர் எழுதுவதில் ஒரு சங்கதி உண்டு. மைதானத்தில் அம்பயர் ஃபோர், வைடு என்று எதைக் காட்டினாலும், கூடாரத்தில் இருப்பவர் பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அம்பயர் ஆட்டத்தை நகர்த்தக் கூடாது. முன்பெல்லாம் ஸ்கோர் எழுதுகிறவர்கள் சோம்பேறித்தனமாகப் பேனாவை மட்டும் ஆட்டுவார்கள். கை தலைக்கு மேல் நேராகப் போய்த்தான் ஆக வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு விதியாக்கியவர் வேறு யாருமில்லை, ஃபிரெட்ரிக்தான்.

முதல் ஆட்டத்தில் இடது கையைத் தூக்கிச் சமாளித்தார். சாயங்காலம் மாளவிகா போனில் விசாரித்தாள். "எந்தக் கையால சார் பதில் சொன்னீங்க?" நேராகக் கேட்ட கேள்வி. "இடது," என்றார். "அடுத்த வாரம் வலது," என்றாள்.

அடுத்த வாரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினார். காது வரை போனது. மைதானத்தின் நடுவில் நின்ற அம்பயருக்கு அது தெரியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆட்டம் நின்றது. எல்லோரும் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். தன் விதியைத் தானே சபித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, முனகிக்கொண்டே ஃபிரெட்ரிக் இன்னும் கொஞ்சம் தூக்கினார். அந்த வருஷம் பந்துவீச்சும் படுமோசம். ஃபோராக வந்து கொட்டியது. ஃபோருக்கு ஒரு தடவை, வைடுக்கு ஒரு தடவை என்று நாள் முழுக்கக் கை ஏறி ஏறி இறங்கியது. "நான் கட்டச் சொன்ன மணியைவிட இது நல்ல வைத்தியமா இருக்கே," என்று மாளவிகாவுக்கு ஒரே சந்தோஷம்.

பிப்ரவரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நாள் போன் வரவில்லை. வந்தபோது பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. "சார், முனகல் எதுவும் கேக்கல."

"இப்ப முனகறதில்லம்மா," என்றார் ஃபிரெட்ரிக். அவள் நம்பவில்லை. லூயிசாவைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் நம்பினாள்.

மார்ச் கடைசியில் ஒருநாள் ராஜரத்தினம் கூடாரத்துக்குப் பின்னால் வந்து, அந்தக் கை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் நடக்கப்போகும் சீசனின் கடைசி ஆட்டத்துக்குக் கோட்டை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ஏப்ரல் வெயில். தூங்குமூஞ்சி மரத்தடியில் கல்யாணராமனும் ஜானுவும் லூயிசாவும் உட்கார்ந்திருந்தார்கள். மெஹபூப் பாஷாவின் ஆட்டோவில் மாளவிகா குழந்தையோடு வந்து இறங்கினாள். தூளியை விட்டு வெளியே வந்த பிறகு அந்தக் கையை அவள் நேரில் பார்த்ததே இல்லை. எல்லாம் காதால் கேட்டதுதான். ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. ஒரு சிக்ஸருக்காக அத்தனை பேர் வேண்டிக்கொண்டது அந்த மைதானத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். எந்த அணி அடித்தாலும் சரி என்று வேண்டிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒருவன் அடித்தான். பந்து சுவரைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. ஃபிரெட்ரிக் கூடாரத்தைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு கையும் எழுந்தன. மார்பைத் தாண்டின, மோவாயைத் தாண்டின, காதைத் தாண்டின. தொப்பிக்கு மேல் போய் நின்றன. கூடாரத்திலிருந்து பதில் கை எழும்பும் வரை அவர் இறக்கவில்லை. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்கவில்லை.

கல்யாணராமன் பழக்கதோஷத்தில் மாளவிகாவின் காதருகே குனிந்தார். "மேல போயிடுத்து டாக்டர்."

"தெரியுது மாமா," என்றாள் மாளவிகா. குழந்தையின் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். "இடது கையைவிட ஒரு விரக்கடை கம்மியா இருக்கு. சாயந்திரம் போன் பண்றேன்னு சார்கிட்ட சொல்லிடுங்க."